லத்தீன் அறியாத கோமகன்



பஞ்சதந்திரக் கதைகளைக் கேளாது வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. சிங்கமும் எருதும் கொண்ட நட்பை நரி பிரித்த கதையையும், குரங்கின் இதயத்தை நாடிய முதலை ஏமாந்த கதையையும் நம் பாட்டிமார் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். இக்கதைகள் கி.பி. 1480-ஆம் ஆண்டை ஒட்டி, தென் ஜெர்மனியில் மலைகளுக்கிடையே அமைந்த ஊராக் என்னும் சிற்றூரில், ஜெர்மானிய மொழியில் அச்சேறின. குட்டன்பர்க் தமது விவிலியத்தை அச்சிட்டு முடித்து அப்பொழுது சுமார் 25 ஆண்டுகளே கழிந்திருந்தன. ஐரோப்பாவில் அச்சு என்பது இளங்குழந்தையாக இருந்த காலத்திலேயே நம் நாட்டு நரிகளும் காகங்களும் அந்த எந்திரத்தில் ஏறிவிட்டன என்பது வியப்புக்குரியது. இதற்குக் காரணமானவர் ஓர் அரசர். அவருக்கு லத்தீன் தெரியாது என்பதே இந்த விந்தைக்கு மூலகாரணம்.

அவர் பெயர் எபர்ஹார்ட். நீண்ட தாடி வைத்திருந்தமையால் 'தாடிக்கார எபர்ஹார்ட்' என்று வரலாற்றில் வழங்கப்படுகிறார். ஸ்டுட்கார்ட் நகரைச் சூழ்ந்த வூர்ட்டம்பெர்க் நாட்டின் முதற் கோமகன் அவரே. கோமகன் என்று இங்கு நான் குறிப்பது ஆங்கிலத்தில் டியூக் எனப்படும் பட்டத்தை. அதற்குக் கீழ்ப்பட்ட கவுண்ட் என்னும் பட்டத்தைச் சிற்றரசர் என்று சொல்லிக்கொள்வோம். எபர்ஹார்ட் தம் வாழ்நாளில் மிகப் பெரும் பகுதியைச் சிற்றரசராகவே கழித்தார். கோமகனாக வாழ்ந்தது ஏழு திங்களே.

அவர் 1445-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஊராக்கில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வூர்ட்டம்பெர்க் நாடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாகப்பிரிவினை என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. லுட்விக், உல்ரிக் என்ற சகோதரர் இருவர் 1442-இல் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். மூத்தவர் லுட்விக் ஊராக்கிலும் இளையவர் உல்ரிக் ஸ்டுட்கார்ட்டிலும் இருந்து ஆண்டனர். லுட்விக்கின் மகனே எபர்ஹார்ட். மகனுக்கு ஐந்து வயது நிரம்புமுன், 1450-இல் தந்தை காலமானார். பட்டத்துக்குரிய தமையனும் நோயாளி. அவரும் 1457-இல் மறைந்தார்.

சிறுவனுக்கு யார் காப்பாளர் என்பதில் உறவினரிடையே பூசல் மூண்டது. சிற்றப்பர் உல்ரிக் ஒரு பக்கம் இழுத்தார். தாய்மாமன் பிரெடெரிக், பலாட்டினேட் நாட்டை ஆண்ட பெரிய போர்வீரர், மறுபக்கம் இழுத்தார். 1459-இல், பதினான்கு வயதில், மாமனின் துணைகொண்டு எபர்ஹார்ட் தாமே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மூன்று ஆண்டுகளுக்குப்பின் 1462-இல் சைக்கன்ஹைம் என்ற இடத்தில் நடந்த போரில் அதே மாமன் அதே சிற்றப்பரைச் சிறைப்பிடித்துப் பெரும் பொன் வாங்கிக்கொண்டே விடுவித்தார். அக்காலத்து ஜெர்மானிய அரச குடும்பங்களில் சுற்றம் எது, பகை எது என்று பிரித்தறிவது எளிதன்று.

எபர்ஹார்ட்டின் கல்வியைப் பற்றிக் கூறவேண்டும். ஐரோப்பாவில் அந்நாளில் சமயமும் சட்டமும் மருத்துவமும் லத்தீனிலேயே இருந்தன. லத்தீன் அறியாதவன் கற்றோர் அவையில் ஊமை. ஆயினும் இந்த இளவரசருக்கு லத்தீன் கற்பிக்கப்படவில்லை. இது தந்தை விதித்துச் சென்ற கட்டளை என்று பழைய வரலாறுகள் கூறும். அரசனுக்கு வேண்டியது வாளும் குதிரையும், ஏடன்று என்று தந்தை எண்ணினார் போலும். இத்தனைக்கும் ஆசிரியராக வாய்த்தவர் யோஹன்னஸ் நௌக்ளேருஸ் என்னும் பெரும் புலவர். ஏரிக்கரையில் இருந்தும் நீர் அருந்தத் தடைபெற்றவன் நிலை அது.

ஆனால் தாய் மெக்டில்ட் வேறு வகையினர். கணவர் இறந்தபின் 1452-இல் அவர் ஆஸ்திரிய இளவரசர் ஆல்பிரெக்டை மணந்தார். ஆல்பிரெக்ட் 1457-இல் பிரைபர்க் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது அம்முயற்சியில் மெக்டில்டும் பங்கு கொண்டார். 1463-இல் மீண்டும் கைம்பெண்ணாகி, நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள ராட்டன்பர்க் நகரில் தனி அவை வைத்து வாழ்ந்தார். அவருடைய அவை புலவர்களின் புகலிடம். பவேரிய நாட்டு வீரர் ஒருவர் 1462-இல் தம் நூலகத்தையும் அவருடைய நூலகத்தையும் ஒப்பிட்டு நீண்ட செய்யுள் மடல் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறார் என்றால், அப்பெருமாட்டியின் நூற்பற்று எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதை நேயர்களே உணரலாம். தந்தை அடைத்த கதவைத் தாய் வேறு வழியாகத் திறந்தார் என்றே நான் கருதுகிறேன்.

இளமையில் எபர்ஹார்ட் ஒழுக்கத்தில் சிறந்தவராக இருந்தார் என்று சொல்வதற்கில்லை. மணமாகுமுன்பே அவருக்கு மக்கள் பிறந்திருந்தனர். 1468-இல் அவர் திடீரென்று எருசலேமுக்கு யாத்திரை புறப்பட்டார். வெனிஸ் வரை தரைவழி, பிறகு கடல்வழி. இயேசுவின் கல்லறைக் கோவிலில் வீரப்பட்டம் பெற்று அவ்வாண்டு இறுதியில் திரும்பினார். தாடி அந்த யாத்திரையின் நினைவு. பனைவகை மரம் ஒன்றைத் தம் சின்னமாகவும், 'அட்டெம்ப்டோ' என்ற லத்தீன் சொல்லைத் தம் விருதுமொழியாகவும் கொண்டார். 'துணிந்து முயல்கிறேன்' என்பது அதன் பொருள். லத்தீன் அறியாதவர் தேர்ந்த ஒற்றை லத்தீன் சொல் அது! ஊராக் மாளிகையின் கூடமொன்றில் அம்மரமும் அச்சொல்லும் சுவர் நிறையத் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

1474-இல் அவர் மணந்த பெண் இத்தாலியிலிருந்து வந்தவர். மாந்துவா நகரை ஆண்ட கொன்சாகா குலத்துப் பார்பரா. அப்போது பெண்ணுக்கு வயது பதினெட்டு. மாந்துவா கலைகளின் இருப்பிடம். மாந்தேஞா என்ற பேரோவியர் அந்த அரச குடும்பத்தினர் அனைவரையும் கோட்டை அறையொன்றின் சுவர்களில் உயிரோவியமாகத் தீட்டி முடித்த ஆண்டும் அதே 1474 தான். அவ்வோவியத்தில் தாய்க்கு அருகே நிற்கும் இளமங்கையே பார்பரா என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். ஓவியம் உலர்ந்த ஈரம் மாறுமுன் பெண் ஆல்ப்ஸ் மலையைக் கடந்துவிட்டாள். ஊராக்கில் நடந்த திருமண விருந்தில் ஆயிரக்கணக்கானோர் பல நாட்கள் உண்டனர். மறுஆண்டு ஒரு பெண்குழந்தை பிறந்தது. தாயின் பெயரையே சூட்டினர். அக்குழந்தை அவ்வாண்டிலேயே இறந்தது. அதன்பின் அவர்களுக்கு மகப்பேறு இல்லை.

சொந்த மொழி வழங்காத ஊரில் குடிபுகுந்து வாழ்வோர்க்குப் பார்பராவின் வாழ்க்கையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாந்துவாவிலுள்ள தாய்க்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் மலைகளைக் கடந்து சென்றுகொண்டிருந்தன. அவற்றுட் பல இன்றும் காக்கப்பட்டுள்ளன.

மக்கட்செல்வம் இல்லாத அந்த அரசர் 1477-இல் டூபிங்கன் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினார். போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டசின் ஆணை அதற்கு முந்திய ஆண்டே கிடைத்தது. பொருளுக்கு என் செய்வது? சிண்டல்பிங்கன் என்ற ஊரில் இருந்த திருச்சபை மடம் ஒன்றையும் அதன் வருவாயையும் டூபிங்கனுக்கு மாற்றினார். பழைய ஆசிரியர் நௌக்ளேருஸ் முதல் தலைவரானார். லத்தீன் அறியாத அரசர் நிறுவிய கல்விக்கூடத்தில் லத்தீனே பயிற்றுமொழி. தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறர்க்கு வழங்கியவர் அவர். கெப்ளர் என்ற வானநூலாரும் ஹெகல் என்ற தத்துவஞானியும் பிற்காலத்தில் பயின்றது அங்கேதான்.

தமக்கு வேண்டிய நூல்களை மட்டும் ஜெர்மன் மொழியில் பெயர்க்கச் செய்து படிக்கக் கேட்டார். அவ்வாறு பெயர்க்கப்பட்டவற்றுள் தலையாயது 'பண்டைய ஞானியரின் எடுத்துக்காட்டுகளின் நூல்'. அதுவே நம் பஞ்சதந்திரம். பெயர்த்தவர் அந்தோன் பான் ஃபோர் என்னும் பாதிரியார். அரசரின் தாய் மெக்டில்டின் அவையைச் சேர்ந்தவர்.

இந்நூல் ஊராக்கை வந்தடைந்த வழியை எண்ணிப் பாருங்கள். வடமொழியில் இதன் தொடக்கம் தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்ற நகரில் நிகழ்வதாகச் சொல்லப்படுகிறது. அங்கு ஆண்ட அமரசக்தி என்னும் அரசனின் மந்த புத்தியுள்ள மூன்று மைந்தர்க்கு விஷ்ணுசர்மன் என்ற முதியவர் கதைகளால் அரசநீதி புகட்டினார். ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வானின் மருத்துவர் புர்சோய் இதைப் பாரசீக மொழிக்குக் கொண்டுசென்றார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியாக்கினார். கரடகன், தமனகன் என்ற நம் நரிகள் இருவரும் கலீலா, திம்னா என்று பெயர் மாறினர். அரபியிலிருந்து யோயெல் என்ற யூத ஆசிரியர் எபிரேய மொழியில் பெயர்த்தார். எபிரேயத்திலிருந்து, யூத சமயத்தினின்று கிறிஸ்தவரான கபுவா ஊர் யோவான், பதின்மூன்றாம் நூற்றாண்டில் லத்தீனாக்கினார். அந்த லத்தீனைத்தான் அந்தோன் பாதிரியார் ஜெர்மனாக்கினார். ஆறு மொழிகள்; ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். ஒவ்வொருவரும் முந்தியவரின் வாசலில் நின்று கைநீட்டி வாங்கியவரே. நம் தமிழில் தாண்டவராய முதலியார் 1826-இல் வெளியிட்ட பஞ்சதந்திர வசனமும் மராத்தி மொழியிலிருந்து வந்ததே என்பதை இங்கு நினைக்கலாம்.

ஜெர்மன் நூலில் ஒரு நுட்பம் உண்டு. பகுதிகளின் முதலெழுத்துக்களை வரிசையாகக் கோத்துப் படித்தால், வூர்ட்டம்பெர்க் சிற்றரசர் எபர்ஹார்ட் என்ற பெயரும் 'அட்டெம்ப்டோ' என்ற விருதுமொழியும் வெளிப்படும். பிறிதோரிடத்தில் மொழிபெயர்த்தவரின் பெயரும் அவ்வாறே ஒளிந்திருக்கிறது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டு, பெயர் அச்சேறாத கோப்புகளில் நாள் கழிக்கும் எனக்கு இந்தத் தந்திரத்தின் மேல் தனி ஆசை உண்டு என்பதை மறைப்பானேன்? 1483-இல் உல்ம் நகரில் லீன்ஹார்ட் ஹொல் என்ற அச்சகத்தார் நூற்றுக்கு மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களுடன் இதனை மறுபடியும் வெளியிட்டார். தொடர்ந்து பதிப்புகள் பல வந்தன. லத்தீன் அறிந்தோர் சிலரே. லத்தீன் அறியாத அரசருக்காகச் செய்த நூல் லத்தீன் அறியாத மக்கள் அனைவர்க்கும் பயன்பட்டது.

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 1477-இல் பல்கலைக்கழகத்துக்கு உரிமைகள் வழங்கிய அதே சாசனத்தில், டூபிங்கன் நகரில் யூதர்கள் குடியிருக்கலாகாது என்று எபர்ஹார்ட் விதித்தார். 1492-இல் எழுதிய உயிலில் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தார். அவர் காலத்துக்குப்பின் 1498-இல் அது நாட்டுச் சட்டமாகி, சுமார் மூன்று நூற்றாண்டுகள் நிலைத்தது. யூதர் ஒருவர் காத்துத் தந்த கதைகளை மாளிகையில் அமர்ந்து கேட்டுச் சுவைத்தவர், அந்த யூதரின் இனத்தாரை வாசலில் நிறுத்தினார். காலத்தின் இயல்பு என்று சிலர் அமைதி கூறுவர். அண்டை நாட்டு அரசர் பலரும் அவ்வாறே செய்தனர் என்பதும் உண்மை. எனினும் குடிகளிடம் அன்புடையவர் என்று பெயரெடுத்த ஒருவர் எவரைக் குடிகள் என்று எண்ணினார், எவரை எண்ணவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பல்கலைக்கழகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் அப்பெயரை நீக்கவேண்டுமென்று அங்கே வாதம் எழுந்தது. பெயர் நீக்கப்படவில்லை.

இவ்விடத்தில் யோஹன்னஸ் ரோய்க்லின் என்ற இளைஞரையும் நினைக்கவேண்டும். 1482-இல் எபர்ஹார்ட் ரோமாபுரிக்குச் சென்றபோது தமக்காக லத்தீன் பேச அவரை அழைத்துச் சென்றார். அந்தப் பயணத்தில் போப்பாண்டவர் அரசருக்குப் பொன்ரோஜா ஒன்றைப் பரிசளித்தார். ரோய்க்லின் அரசர் மறையும்வரை அவரிடம் பணிபுரிந்தார். பின்னாளில் அவர் எபிரேய மொழியை ஆழ்ந்து கற்று, 1506-இல் அதற்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார். யூதர்களின் நூல்களைப் பறித்து அழிக்கவேண்டும் என்று 1510-ஐ ஒட்டிக் கிளர்ச்சி எழுந்தது. பேரரசர் அறிஞர்களின் கருத்தைக் கேட்டபோது அதனை உறுதியாக மறுத்து எழுதினார் ரோய்க்லின். தம் இறுதிக்காலத்தில் அவர் எபிரேயம் கற்பித்தது எபர்ஹார்ட் நிறுவிய டூபிங்கனில்தான்.

இனி அரசியலுக்கு வருவோம். ஸ்டுட்கார்ட் கிளையில் உல்ரிக்கின் மகனும் ஓர் எபர்ஹார்ட்; இளைய எபர்ஹார்ட் என்பர். செலவாளி. கடன் கழுத்தை நெரிக்க, 1482 டிசம்பரில் மியூன்சிங்கன் என்ற ஊரில் செய்த உடன்படிக்கையால் தம் பங்கை ஒப்படைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் நாடு ஒன்றாயிற்று. தலைநகர் ஸ்டுட்கார்ட் ஆனது. இனி நாடு பிரிக்கப்படலாகாது என்பது ஒப்பந்தம். நகரப் பிரதிநிதிகளையும் மடத்தலைவர்களையும் இதற்குச் சாட்சியாக்கியது எபர்ஹார்ட்டின் அரசியல் கூர்மை. உறவினரின் சொல்லை நம்பாமல் ஊராரின் சொல்லை நம்பினார்.

1495-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரவையில் மாக்சிமிலியன் அவரைக் கோமகனாக உயர்த்தினார். அந்த வோர்ம்ஸைக் களமாகக் கொண்டு யுஸ்டினுஸ் கெர்னர் என்ற கவிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடிய பாட்டு அந்நாட்டில் பிள்ளைகளும் அறிந்தது. ஒவ்வோர் அரசரும் தத்தம் நாட்டு வெள்ளிச் சுரங்கத்தையும் நெல்வயல் போன்ற கோதுமை வயல்களையும் நகரங்களையும் புகழ்கின்றனர். எபர்ஹார்ட்டோ, எந்தக் காட்டிலும் எந்தக் குடிமகன் மடியிலும் தலைவைத்து அச்சமின்றி உறங்குவேன் என்கிறார். எல்லோரும் அவரே பெருஞ்செல்வர் என்று ஒப்புகின்றனர். இது கவியின் கற்பனை. ஸ்டுட்கார்ட் அரண்மனைப் பூங்காவில் இக்காட்சி சிலையாகவும் நிற்கிறது.

1496 பிப்ரவரி 24-ஆம் நாள் டூபிங்கனில் அவர் உயிர்நீத்தார். வயது ஐம்பது. பார்பரா மேலும் ஏழு ஆண்டுகள் வாழ்ந்து 1503-இல் பியோப்லிங்கனில் மறைந்தார்.

கோமகன் பட்டம் யாரிடம் போயிற்று? அதே செலவாளி இளைய எபர்ஹார்ட்டிடம். அவரை இரண்டே ஆண்டுகளில், 1498-இல், நாட்டுப் பிரதிநிதிகளே அரியணையிலிருந்து இறக்கிவிட்டனர். அடுத்து வந்தவர் உல்ரிக் என்ற பதினொரு வயதுச் சிறுவன். இவன் தந்தை ஹென்ரிக்கின் கதை இரங்கத்தக்கது. அவர் செலவாளியின் தம்பி. 1474-இல் பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்லஸ் அவரைப் பிடித்து, அவருடைய கோட்டைக்கு முன்பே மண்டியிடச் செய்து, கோட்டையைத் திறவாவிடில் தலையை வெட்டுவோம் என்று மிரட்டினார். உள்ளிருந்தோர் திறக்கவில்லை; தலையும் வெட்டப்படவில்லை. ஆனால் ஹென்ரிக்கின் மனம் அதன்பின் நிலைகொள்ளவில்லை. 1490-இல் நம் எபர்ஹார்ட் அவரை ஊராக் மலைக்கோட்டையில் காவலில் வைத்தார். அவருடைய மகனைத் தாமே வளர்த்தார்.

ஹென்ரிக் 1519 வரை அக்கோட்டையிலேயே வாழ்ந்தார். இரண்டாம் மனைவியும் காவலில் உடனிருந்தார். 1498-இல் அங்கே அவர்களுக்கு ஜியார்ஜ் என்ற மகன் பிறந்தான். உல்ரிக்கின் வழி அவருடைய பேரனோடு அற்றுப்போகவே, 1593-இல் ஜியார்ஜின் மகன் பிரெடெரிக் கோமகனானார். அதன்பின் வந்த கோமகன்களும், 1918-இல் முடிதுறந்த கடைசி அரசர் வில்ஹெல்ம் உட்பட வூர்ட்டம்பெர்க் அரசர்கள் அனைவரும், மனம் பேதலித்தவர் என்று மலைக்கோட்டையில் அடைபட்ட அந்த ஹென்ரிக்கின் வழியில் வந்தவர்களே.